ஒத்திகை மணி

காலை ஆறு மணிக்குப் பூங்கோதையின் முழங்கைப் பட்டைகள் ஒருமுறை அதிர்ந்தன. அவளுடைய இரண்டு கைகளும் அணைந்துபோயின. கோயம்புத்தூரின் அந்தத் தெருவில் மட்டும் இதே நேரத்தில் இன்னும் மூன்று வீடுகளில் யாருடைய காலோ கண்ணோ அணைந்தது. எந்த உறுப்பு எப்போது செயலிழக்கும் என்று மருத்துவம் நாள் குறித்துச் சொல்லத் தொடங்கிய காலம் அது. நாள் குறிக்கப்பட்டவர்கள் தினமும் ஒரு மணி நேரம் அந்த உறுப்பு இல்லாமல் வாழ்ந்து பழக வேண்டும் என்பது சட்டம். அதை ஒத்திகை மணி என்றார்கள்.

பூங்கோதையின் கைகளுக்கு இன்னும் பதினான்கு மாதங்கள் இருந்தன. நரம்பே பட்டுப்போகும் நோய் என்பதால் இயந்திரக் கை பொருத்தியும் பயனில்லை. காலால் கதவைத் திறக்கவும் குரலால் அடுப்பை மூட்டவும் பழகிவிட்டாள். பட்டை நரம்பை அணைக்கும்போது வலியும் அணைந்துவிடும். ஆறு வருடங்களாக விரல்களைத் தணலில் வைத்ததுபோல் எரியும் வலி. மற்ற இருபத்து மூன்று மணி நேரமும் அவள் இந்த ஒரு மணி நேரத்துக்காகக் காத்திருந்தாள்.

ஆனால் அப்போது வீட்டில் பேச்சு நின்றுவிடும். கணவன் சிவநேசனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கல்யாணமான இருபது வருடங்களாக இருவரும் சைகையில்தான் பேசிக்கொண்டார்கள்.

பயிற்சி தர வந்த பிசியோதெரபிஸ்ட் ரெஜினா அன்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அக்கா, புது உத்தரவு வந்திருக்குதுங்க. வேணும்னா இப்பவே நிரந்தரமா அணைச்சுக்கலாமாம். வலியே இருக்காது. ஆனா அப்புறம் கை திரும்ப வராதுங்க."

"வேண்டாம் ரெஜினா. எரிஞ்சா எரியட்டும். கை போச்சுன்னா அவருகிட்ட நான் எப்படிப் பேசுவேன்?"

ஏழு மணிக்குக் கைகள் திரும்பின, கூடவே எரிச்சலும். என்ன விஷயம் என்று சிவநேசன் சைகையில் கேட்டான். ஒன்றுமில்லை என்று ஒரே அசைவில் முடித்தாள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தான்.

"ரெஜினா எங்கிட்டயும் சொல்லிட்டா" என்றன அவன் கைகள். "முன்னயெல்லாம் பஸ்ல போயிட்டு வந்தா, பக்கத்துல உட்கார்ந்தவங்க கம்மல் வரைக்கும் சொல்லுவே. இப்ப எது கேட்டாலும் ரெண்டு விரல்ல முடிச்சுடறே."

அவள் தலை குனிந்தாள். அவன் அவள் முகத்தைத் தொட்டு நிமிர்த்தினான். பார்வை விலகினால் அவர்களுக்குப் பேச்சு அறுந்துவிடும்.

"கை இருக்குது. பேச்சு எப்பவோ போயிருச்சு. வலிக்குப் பயந்து நீ சொல்லாம விட்டதெல்லாம் எனக்கு வேணும், பூவு."

வாக்கிங் என்று சொல்லிவிட்டு, மூன்று மாதங்களாக மாலையில் ரெஜினாவிடம் உதட்டசைவைப் படிக்கக் கற்று வருவதை அப்போதுதான் சொன்னான். "பாதிதான் புரியுது. மீதிக்கு உன் தொண்டையில கை வெச்சுப் பார்க்கணும்."

அவள் நான்கு நாட்கள் யோசித்தாள். ஐந்தாம் நாள் கைகளை நிரந்தரமாக அணைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டாள். கடைசி மாலை முழுவதும் எரிச்சலைப் பொருட்படுத்தாமல் கைகளால் பேசித் தீர்த்தாள். அவனுக்கென்று அவள் வைத்திருந்த பெயரை, இரு விரலால் நெஞ்சைத் தொடும் அந்தச் சைகையை, பலமுறை காட்டினாள்.

மறுநாள் மருத்துவமனையிலிருந்து திரும்பியதும், சிவநேசன் உள்ளங்கையை அவள் தொண்டையில் பதித்தான். அவனிடம் குரலில் பேசி அவளுக்குப் பழக்கமே இல்லை. வெட்கமாக இருந்தது.

"சிவநேசன்" என்றாள், மெதுவாக.

அவன் கண் இமைக்காமல் அவள் உதட்டைப் பார்த்தான். இன்னொரு முறை சொல்லச் சொன்னான். சொன்னாள். அவன் முகம் மலர்ந்தது. மறு கையால் கேட்டான்:

"என் பேரு இவ்வளவு நீளமா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை அவன் கையை எடுக்கவில்லை.