எக்காவைக் கேள்

"மேடம், எனக்கு மூணு வருது."

கடைசி வரிசையிலிருந்து இசைவாணி தன் டேப்லெட்டைத் தூக்கிக் காட்டினாள். முத்துச்செல்வி நாற்காலியை விட்டு எழவில்லை. காலையிலிருந்து இது மூன்றாவது பேட்ச். மூன்றுக்கும் அதே வணக்கம், அதே சிரிப்பு, அதே கதை. கணுக்கால் இரண்டும் வீங்கி ஷூ கவ்விப் பிடித்திருந்தது. மணி நாலேமுக்கால் ஆகியிருந்தது. ஐந்தரைக்கு கம்பெனி பஸ். அதை விட்டால் சேரப்பணஞ்சேரியில் இருக்கிற அறைக்குப் போய்ச்சேர எட்டு மணி ஆகிவிடும்.

"ரெண்டுதாம்மா வரும். மூடிட்டுத் திருப்பித் தொற."

"தொறந்துட்டேன் மேடம். மூணுதான் கீது."

ரெண்டுதான் வரும் என்று அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? கதையை எழுதியவளே அவள்தான். புதிதாகச் சேரும் பெண்களுக்குப் பாதுகாப்பு விதிகளை வாசித்துக் காட்டினால் பத்தாவது நிமிஷம் பாதிப் பேர் தூங்கிப்போகிறார்கள் என்று, மேலாளர்தான் இந்த டேப்லெட் கதை யோசனையைக் கொண்டு வந்தார். பேச்சி என்று ஒரு பெண் தகடு அடிக்கும் பிரஸ் மிஷினில் வேலை பார்ப்பாள். அங்கங்கே கதை நின்று, பேச்சி இப்போது என்ன செய்யட்டும் என்று கேட்கும். படிக்கிறவள் எதைத் தொடுகிறாளோ, கதை அந்த வழியில் போகும்.

முக்கியமான இடம் ஒன்றுதான். இரண்டு பக்கமும் உள்ள பொத்தான்களை இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே சிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் பெட்டி அட்டையைக் கிழித்து மடித்து ஒரு பொத்தானின் இடுக்கில் செருகிவிட்டால் அது அமுங்கியபடியே நிற்கும். ஒரு கை மிச்சம். அந்தக் கையால் தகட்டை வைக்கலாம், எடுக்கலாம், மணிக்கு நாற்பது பீஸ் கூடுதலாக அடிக்கலாம். லைனில் இதற்கு அட்டை வைக்கிறது என்று பெயர். எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாது. கதையில் பேச்சி அட்டை வைக்கலாமா என்று யோசித்து நிற்பாள். 'வை', 'வைக்காதே' என்று இரண்டு கட்டம் வரும். 'வை'யைத் தொட்டால் திரை இருண்டு தொம்மென்று ஒரு சத்தம் கேட்கும். பிள்ளைகள் தங்கள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்கள். ஐம்பது பேட்ச் பார்த்தாயிற்று. ஒருத்தி விடாமல் இழுத்துக்கொள்வாள்.

முத்துச்செல்வி மேசையைப் பிடித்து எழுந்து போய்க் குனிந்து பார்த்தாள்.

'வை'. 'வைக்காதே'. அதற்குக் கீழே, அதே எழுத்தில், அதே பச்சைக் கட்டத்தில், 'எக்காவைக் கேள்'.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அக்கா என்பார்கள், இல்லாவிட்டால் மேடம். எக்கா என்று அவளைக் கூப்பிட இந்தக் கம்பெனியில் ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

டேப்லெட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் ஜோயலுக்கு போன் போட்டாள். அவன் டீ கப்போடு வந்து, இசைவாணியின் டேப்லெட்டை வாங்கி இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தான்.

"ரெண்டுதான் மேடம் கீது."

"நல்லாப் பாருங்க ஜோயல்."

"நல்லாத்தான் பாக்குறேன். ஃபைல்லயும் ரெண்டுதான். இன்னா மேடம், ஒரே நாள்ல மூணு பேட்ச் எடுத்தா இப்டிதான் கண்ணு பூத்துப்போவும். சீக்கிரம் முடிச்சிட்டுக் கெளம்புங்க."

அவன் டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தான். இசைவாணியின் கைக்குப் போனதும் மூன்றாவது கட்டம் பச்சையாகத் திரும்பி வந்தது. அதற்குள் ஜோயல் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான். அவனைத் திரும்பக் கூப்பிடலாம். என்ன காரணம் சொல்வது?

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஏசியின் முனகலும், பினாயில் வாடையும், சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ் ஷாப்பிலிருந்து நாள் முழுக்க ஒரே தாளத்தில் வரும் தொம், தொம் என்ற அதிர்வும்தான் அதற்குச் சொந்தம். பதினொரு வருஷமாகக் கேட்டுப் பழகிப்போன அந்தத் தாளம் அவள் காதில் விழுவதே இல்லை. இப்போது விழுந்தது. ஒவ்வொரு தொம்முக்கும் மேசை மேல் தண்ணீர் பாட்டில் லேசாக நடுங்கியது. பினாயில் வாடைக்கு அடியிலிருந்து வெந்தயம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் மணம், யாரோ பக்கத்தில் வந்து தலையைச் சாய்த்தது மாதிரி, மெல்ல மேலே வந்தது.

தங்கமாரி. சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளை, பத்தொன்பது வயசு, நாலு வருஷத்துக்கு முந்தி முத்துச்செல்வி லைன் லீடராக இருந்தபோது அவள் லைனில் இருந்தவள். ஒரு நாள் மாலை கணக்கில் நூற்றுப்பத்து பீஸ் குறைந்தது. அதை முடிக்காமல் ஒருத்தரும் பஸ் ஏற முடியாது. எக்கா, அட்டையை வச்சிரட்டுமா என்று தங்கமாரி கேட்டாள். முத்துச்செல்விக்கு அன்றைக்கும் இதே கால் வலி, இதே கண் எரிச்சல். வை, வச்சித் தொலை, வீட்டுக்குப் போவணும் என்றாள்.

முதலில் வலது கை போயிற்று. பதினோராம் நாள் உயிரும் போயிற்று. விசாரணையில், அவளாகவே வைத்துக்கொண்டாள், நான் பார்க்கவில்லை என்று முத்துச்செல்வி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு அவளைப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே உட்கார்ந்துதான் பேச்சியை எழுதினாள். யாரையும் கேட்காமல், தானாகவே அட்டை வைக்கும் பேச்சியை.

"மேடம், இப்போ எனக்கும் மூணு."

"எனக்கும்."

"எனக்கும் மேடம்."

இருபத்து நாலு பேர். நாளைக்குக் காலை முதல் ஷிஃப்டில் இருபத்து நாலு பேரும் பிரஸ்ஸில் நிற்கப்போகிறவர்கள்.

"யாரும் எதையும் தொடாதீங்க," என்றாள்.

அதற்குள் மூன்றாவது கட்டத்தைத் தொட்டுவிட்டார்கள். எல்லாத் திரையும் ஒன்றாக வெளுத்தது. நடுவில் ஒரே வரி: பதிலுக்காகக் காத்திருக்கவும். பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை, பக்கத்தில் திரும்பவில்லை. நாற்பத்தெட்டுக் கைகளும் மேசை மேல் பரப்பியபடி இருந்தன.

மேசை மேல் இருந்த முத்துச்செல்வியின் டேப்லெட் பேசியது.

பேச்சிக்குக் குரல் கொடுத்தது முத்துச்செல்விதான். இது அவள் குரல் இல்லை.

"எக்கா, அட்டையை வச்சிரட்டுமா?"

'வை'. 'வேண்டாம்'.

'வேண்டாம்' என்பதைத் தொட்டாள். அழுகை வந்துவிட்டது அவளுக்கு. இதைச் சொல்லத்தானே நாலு வருஷமாக ஏங்கினாள்.

திரை மாறியது. இரண்டு கட்டம். முதலாவதில் மைக் படம் போட்டு, 'அன்னைக்கு என்ன சொன்னீங்கன்னு இவங்ககிட்ட சொல்லுங்க' என்றிருந்தது. இரண்டாவதில், 'திரும்பிப் போ'.

நிமிர்ந்தாள். இருபத்து நாலு முகங்கள் அவளையே பார்த்தன. மூன்று வார்த்தைதான். நான்தான் வைக்கச் சொன்னேன். சொல்லிவிடலாம். சொன்னால் இந்தப் பிள்ளைகள் நாளைக்கு எந்த லீடர் சொன்னாலும் வைக்க மாட்டார்கள், அதுவும் அவளுக்குத் தெரியும். அப்புறம் மேலாளர். அப்புறம் விசாரணை. அப்புறம் தங்கமாரியின் அம்மா இங்கே வந்து நிற்பாள். எத்தனை நாள், எத்தனை பேரிடம், எத்தனை தடவை இதையே சொல்ல வேண்டும்? நினைக்கும்போதே உடம்பு ஓய்ந்துபோயிற்று. மணி ஐந்து இருபது.

மைக்கை விட்டு விரலை நகர்த்தினாள்.

'திரும்பிப் போ'.

"எக்கா, அட்டையை வச்சிரட்டுமா?"

கதைதானே. வெறும் கதை. முடிந்தால் போதும்.

'வை'.

தொம்.

டேப்லெட்டில் இல்லை. அறைக்குள்.

ஒருத்தியும் கையை இழுக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தாளம் நின்றுவிட்டது. ஏசி மட்டும் முனகியது. எல்லாத் திரையிலும் 'பயிற்சி முடிந்தது' என்று வந்தது. முத்துச்செல்வி நெடுமூச்சு விட்டாள். அவ்வளவுதான். முடிந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவோரம் வருகைப்பதிவு மிஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"வரிசையா வந்து ரேகை வச்சிட்டுக் கெளம்புங்க. வலது கைப் பெருவிரல்."

நாற்காலிகள் நகர்ந்தன. எல்லாரும் எழுந்து சத்தமில்லாமல் வரிசை கட்டினார்கள். இசைவாணி முதலில் வந்தாள். முகத்தில் வலி இல்லை, பயம் இல்லை, தூங்கி எழுந்த பிள்ளையின் மந்தம் மட்டும். மிஷினுக்கு முன்னால் வந்து தயங்கினாள்.

"எக்கா," என்றாள். "எந்தக் கைய வைக்கட்டும்?"

அவளுடைய நீலக் கோட்டின் வலது கை, முழங்கைக்குக் கீழே தட்டையாகத் தொங்கியது. அவளுக்குப் பின்னால் கடைசி ஆள் வரை இருபத்து மூன்று நீலக் கோட்டுகளிலும் வலது கை காலியாகத் தொங்கி, ஏசிக் காற்றில் ஒன்றுபோல் ஆடிக்கொண்டிருந்தது.