பிடி வந்த கை

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிபோல் கிறகோரியின் வலது கை கட்டில் சட்டத்தை எட்டிப் பிடித்தது. பாரிசவாதம் வந்து விழுந்த நாளிலிருந்து நாலு மாதமாக, ஐஸ் பெட்டிக்குள் விறைத்த மீன் மாதிரி அவன் பக்கத்தில் சும்மா கிடந்த கை அது. மூத்தவன் அனிஸ்ரன்தான் முதலில் கண்டான். அவன் போட்ட சத்தத்தில் கிறகோரியின் மனைவி புனிதம் குசினியிலிருந்து மாப்பிசைந்த கையோடு ஓடி வந்தாள். மகள் டக்சாயினி போனைத் தூக்கிக்கொண்டு வந்து படம் எடுத்தாள். நாலு மாதம் செத்தவீடு போலக் கிடந்த வீடு ஒரு நிமிடத்தில் கலியாணவீடாகிவிட்டது. கிறகோரி மட்டும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு கிடந்தான். அந்தக் கையை அவன் அசைக்கவே இல்லை.

அது பிடித்த விதமும் சரியில்லை. கட்டிலில் படுத்திருக்கிறவன் சட்டத்தைப் பிடித்தால் பெருவிரல் உள்ளேயும் மற்ற விரல்கள் வெளியேயும் இருக்கும். இது நேர்மாறு. கை வெளியே தொங்கி, முழங்கை மடிந்து, கீழிருந்து மேலே வந்து, நாலு விரலையும் உள்பக்கம் போட்டுப் பிடித்திருந்தது. வெளியே தொங்குகிற ஒருவன் உள்ளே ஏறுவதற்குப் பிடிக்கிற பிடி. கடல்தொழில் செய்கிற எவனுக்கும் அந்தப் பிடி தெரியும்.

“அப்பா, பிடி வந்திட்டுது! உங்களுக்கு விளங்குதே?” என்று அனிஸ்ரன் குனிந்து கேட்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

“ஓம்,” என்றான் கிறகோரி.

அவன் சொல்ல வந்தது ‘இல்லை’. இது என்னுடைய கை இல்லை, எடுத்துவிடு என்றுதான் சொல்ல வந்தான். ஆனால் பாரிசவாதம் அவன் வாயில் ஒரே ஒரு சொல்லைத்தான் மிச்சம் விட்டிருந்தது. பசிக்குதோ என்றாலும் ஓம், போதுமோ என்றாலும் ஓம். தலையை ஆட்டி மறுக்கப் பார்த்தால் அதுவும் மேலும் கீழுமாகத்தான் ஆடித் தொலைக்கும். இடது கையில் பேனையைக் கொடுத்தால் கோழி கிளறியது போலக் கோடு விழும். எதற்கும் ஓம் சொல்லும் நல்ல நோயாளி என்று, பார்க்க வந்த சனம் எல்லாம் மெச்சிவிட்டுப் போனது.

அனிஸ்ரன் அவன் பெற்ற பிள்ளை இல்லை. புனிதத்தின் முதல் புருசன் சவிரிமுத்துவின் மகன். சவிரி கடலில் போனபோது பிள்ளைக்கு நாலு வயது. சவிரியும் கிறகோரியும் ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவர்கள். அன்றைக்குக் கரைக்குத் திரும்பியது கிறகோரி மட்டும். இரண்டு வருடம் கழித்து அவன் புனிதத்தைக் கட்டினான், டக்சாயினி பிறந்தாள். சுனாமியிலும் தப்பினான், சண்டையிலும் தப்பினான். இவ்வளவுக்கும் தப்பவிட்ட ஆண்டவர் மற்றதையும் மன்னித்துத்தான் இருப்பார் என்று வசதியாக நம்பிக்கொண்டான். அனிஸ்ரனும் அவனை அப்பா என்றே கூப்பிட்டு வளர்ந்தான். விடியக் கடலால் வந்து, உப்பு காயாத உடம்போடு கட்டிலடியில் குந்தி, அந்தக் கையைத் தூக்கி மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுப்பவன் அவன்தான். பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்க்காது என்று ஊரில் கதைத்தார்கள்.

அடுத்த நாள் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் வந்து பார்த்தாள். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்ல முன்னேற்றம் ஐயா,” என்றாள். பிறகு புனிதத்திடம், “இனி நல்ல கையை ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம் துணியால கட்டி வையுங்கோ அம்மா. அது சும்மா இருந்தால்தான் இது வேலை செய்யப் பழகும். இதுக்கு இன்னும் பெலன் வரவேணும்,” என்றாள்.

“கட்டட்டே அப்பா? நோகாமல் கட்டுறன்,” என்று டக்சாயினி கேட்டாள்.

“ஓம்.”

பழைய சாறத் துண்டால் இடது கையைக் கட்டில் காலோடு கட்டினார்கள். வலது கைக்குள் ஒரு பஞ்சுப் பந்தை வைத்தார்கள். மூன்று பேரும் சுற்றி நின்று, பால்குடிப் பிள்ளைக்குக் கை தட்டுவது போலத் தட்டி, “பிடியுங்கோ, பிடியுங்கோ” என்றார்கள். கை பிடித்தது. பந்துக்குள் இருந்து தண்ணீர் வடிந்தது. பந்தை யாரும் நனைத்திருக்கவில்லை. ஆனால் சந்தோசத்தில் இருந்த சனம் அதையெல்லாம் எங்கே பார்க்கப்போகிறது?

சோளகக் காற்று வீசுகிற காலம். மத்தியானத்தில் தகரக் கூரை காய்ந்து படபடக்கும், வெளியே வெள்ளை மணல் கண்ணைக் கூசவைக்கும், நாய்கூட வெயிலுக்குப் பயந்து வள்ளத்தின் நிழலில் படுத்திருக்கும், அந்த நேரத்தில்தான் கிறகோரியின் வலப்பக்கத்திலிருந்து நாட்பட்ட வலைக்கயிற்று நாற்றமும் பாசி நாற்றமும் மெல்ல மெல்ல எழும்பி, புனிதம் காலையில் பூசிவிட்ட பவுடர் வாசத்தை அமத்தி, அவன் மூக்கையும் தொண்டையையும் நிறைத்தன. கட்டிலுக்கடியில் தண்ணீர் மோதுகிற சத்தம் கேட்டது. தொளக். கொஞ்சம் பொறுத்து, தொளக். வள்ளத்தின் வயிற்றில் சின்ன அலை தட்டுவது போல. கடல் வீட்டிலிருந்து முந்நூறு யார் தூரம் தள்ளி இருந்தது.

“ஆர் இஞ்ச தண்ணி ஊத்தினது?” என்று டக்சாயினி கட்டிலுக்குக் கீழே துணி போட்டுத் துடைத்தாள். “கால் ஒட்டுது. உப்புத் தண்ணி மாதிரி. நீங்களே அப்பா செம்பைத் தட்டிவிட்டனீங்கள்?”

“ஓம்.”

அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காமல் இருக்க அவன் என்ன பச்சைப்பிள்ளையா?

சவிரி போன அன்றைக்கு வாடைக் காற்றில் கொந்தளித்த கடல். வலை இழுக்கும்போது அலை வள்ளத்தைச் சரித்து, சவிரி தவறி விழுந்தான். விழுந்தவன் நீந்தியும் வந்துவிட்டான். வலது கையால் வள்ளத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “மச்சான், பிடி” என்று மற்றக் கையை நீட்டினான். குனிந்து பிடித்தால் முடிந்த வேலை. கிறகோரி குனியவில்லை. விளிம்பில் இருந்த நாலு விரலையும் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கை வீட்டுக்குப் போய்ப் புனிதத்தைத் தொடும் என்று நினைத்தான். புனிதத்தை நினைத்து அவன் வெந்த வருடங்கள் எல்லாம் சேர்ந்து வந்து துடுப்பைக் கையில் கொடுத்தன. துடுப்பின் அடிக்கட்டையால் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு குத்து. சின்னி விரல் விட மறுத்தது. அதற்கு இரண்டு. பிறகு பூசைக்குப் போனான், பாவசங்கீர்த்தனம் செய்தான், மற்ற எல்லாப் பாவத்தையும் ஒழுங்காகச் சொன்னான்.

வியாழன் கை செம்பைத் தூக்கியது. வெள்ளி அனிஸ்ரனின் மணிக்கட்டைப் பிடித்து, வெகுநேரம் விடாமல் வைத்திருந்தது. பெருவிரல் அவன் தோலை மெல்லத் தடவியது. அனிஸ்ரன் அசையாமல் இருந்து அழுதான். அந்தப் பிள்ளைக்கு ஏன் அழுகை வந்தது என்று அவனுக்கே தெரியாது. கிறகோரிக்குத் தெரியும். கிறகோரி இடது கையால் அதைப் பிரித்து எறியப் பார்த்தான், இடது கை கட்டில் காலோடு கட்டிக் கிடந்தது.

சனிக்கிழமை நகங்கள் கறுத்தன. நாலு விரலிலும். பெருவிரல் மட்டும் நன்றாக இருந்தது.

“கனக்கப் பயிற்சி குடுத்திட்டம் போல,” என்று அனிஸ்ரன் தாயைக் கூப்பிட்டுக் காட்டினான். “ரெண்டு நாளைக்கு விடுவமே அம்மா?”

புனிதம் நாலு நகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகளை முற்றத்துக்கு அனுப்பிவிட்டு, இளஞ்சூட்டில் தண்ணீர் கொண்டுவந்து, கட்டிலில் இருந்து, விரல் விரலாகத் துடைத்தாள். நேரம் மத்தியானம் ஒரு மணி. சின்னி விரலைத் துடைத்தபோது அது மடிந்து, அவள் சின்னி விரலில் கொளுவிக்கொண்டது.

அவள் துடைத்த துணியைக் கீழே வைத்தாள்.

“இது அவர் செய்யிறது,” என்றாள் புனிதம். யாரிடமோ சொல்வது போல, மிக மெதுவாக. “என்ர கையால தேத்தண்ணி வாங்கேக்க இப்பிடித்தான் கொளுவுவார். எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.”

கிறகோரி கண்ணை மூடிக்கொண்டான்.

“மூண்டாம் நாள் அவற்ற உடம்பு கரை ஒதுங்கேக்க நானும் பாத்தனான். இதே நாலு விரல்தான் நைஞ்சு கிடந்தது. மீன் கடிச்சது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? நான் நம்பினனான்.” அவள் குனிந்து அவன் முகத்துக்கு நேரே வந்தாள். மூச்சில் வெங்காயம் மணத்தது. “என்னைப் பாருங்கோ. அண்டைக்கு நீங்கள் அவரைத் தூக்கத்தானே பாத்தனீங்கள்?”

இதற்கு ஓம் சொன்னால் போதும். நாலு மாதமாக அவன் வாயில் கிடந்த ஒரே சொல். வேண்டாத நேரமெல்லாம் வந்து விழுந்த சொல். இப்போது அது வேண்டும். உயிர் போகிற வேகத்தில் வேண்டும். அவன் வாயைத் திறந்தான்.

“இல்லை.”

தொண்டை அவனுடையது. குரல் அவனுடையதல்ல.

புனிதம் அழவில்லை. கத்தவில்லை. ஏதோ பாரத்தை இறக்கி வைத்தவள் போல இருந்தாள். பிறகு எழும்பி, அவன் இடது கைக் கட்டை அவிழ்த்து, திரும்பவும் கட்டினாள். இந்த முறை நோகிறமாதிரி. எலும்பு கட்டில் காலோடு உரசியது.

“பத்தொன்பது வருசம் உனக்குச் சோறு போட்டனான்,” என்றாள். “அவற்ற பிள்ளையைக்கொண்டு உன்ர மூத்திரம் அள்ள வைச்சனான். நாயே.”

வலது கையைத் தன் சட்டையில் ஒற்றி, ஈரம் போகத் துடைத்து, அவன் வயிற்றின் மேல் பக்குவமாக வைத்தாள். பிறகு கட்டிலின் வலப்பக்கம் போய் நின்று, கீழே பார்த்தாள். கீழே வெறும் சீமெந்துத் தரை.

“இஞ்சாருங்கோ,” என்றாள்.

புருசனைக் கூப்பிடுகிற சொல். அந்தச் சொல்லால் அவள் கிறகோரியை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. பத்தொன்பது வருடம் அதற்காகக் காத்திருந்தவனுக்கு, பாழாய்ப்போன மனம், இப்போதும் ஒரு கணம் துள்ளியது. அவள் அவனைப் பார்க்கவில்லை.

“ஏறி வாங்கோ.”

அவள் வெளியே போனாள். கதவைச் சாத்தினாள். கொக்கி விழுந்தது.

முற்றத்தில் அனிஸ்ரனின் குரல். “என்னம்மா, கதவைப் பூட்டிட்டியள்? அப்பாவுக்குப் பயிற்சி?”

“நடக்குது.”

தொளக்.

வெயில் யன்னலில் வெள்ளையாய் நின்றது. கூரை படபடத்தது. பாசி நாற்றம். வலைக்கயிறு. நாக்கில் உப்பு.

தொளக். தொளக்.

அவன் கத்தினான். நெஞ்சில் இருந்த காற்றை எல்லாம் சேர்த்துக் கத்தினான். ஐயோ என்று. மகனே என்று. கதவைத் திற என்று.

“ஓம்! ஓம்! ஓம்!”

வெளியே டக்சாயினி சிரித்தாள். “அப்பா என்ன இண்டைக்கு இப்பிடி ஓம் போடுறார்?”

“உசாராச் செய்யிறார் போல,” என்றான் அனிஸ்ரன்.

கட்டில் சரிந்தது.

வலப்பக்கமாக. மெல்ல. வள்ளத்தில் ஆள் ஏறும்போது சரிகிற மாதிரி.

வலது கையைத்தான் முதலில் பார்த்தான். அதுதான் செய்கிறது. அதுதான் பிடித்து இழுக்கிறது. வேறென்ன.

வலது கை வயிற்றின் மேல் கிடந்தது. புனிதம் வைத்த இடத்தில். அசையாமல்.

கட்டில் சட்டத்தில் நாலு விரல்.

ஈரமாய். வெளுத்து ஊதி. நகம் இல்லாமல்.

கட்டில் இன்னும் சரிந்தது. தண்ணீர் வடிகிற சத்தம். அந்த நாலுக்கும் பக்கத்தில், கீழிருந்து, இன்னும் நாலு விரல் வந்து பிடித்தது.