ஏழாவது வரி

மூன்றே மாதத்தில் திரும்பிவிடுவேன் என்று மகளின் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். அவளுக்கு ஆறு வயது. அக்கா வீட்டில் விட்டிருந்தேன். கண்காட்சி அமைக்கப் பழகும் இளம் கியூரேட்டர்கள் ஐந்து பேரை ஐந்து நாடுகளிலிருந்து வரவழைத்துத் தங்கவைக்கும் திட்டம் அது. எங்களுக்குக் கொடுத்தது ஒரு பழைய வீடு. தேய்ந்த படிகள், உயரமான ஜன்னல்கள், எங்கும் அறுத்த மரத்தின் வாசனை.

கீழ்த்தளக் கிடங்கிலிருந்த ஆறு சிற்பங்களைப் பதிவேட்டில் ஏற்றுவது என் பங்கு. எவ்வளவு உயரம், எங்கே கீறல், எங்கே விரிசல் என்று எழுதுவது எங்கள் தொழிலின் பாலபாடம். ஆறும் முடிந்தன. ஏழாவது வரி காலியாக இருந்தது. என் கைதான் சும்மா இருக்காதே. "கியூரேட்டர், ஒன்று. உயரம் ஐந்தடி இரண்டங்குலம். நிலை நன்று, லேசான களைப்பு" என்று எழுதிவிட்டு, தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, அதன் கீழே வேறொரு கையெழுத்து.

"இடது முழங்கையில் புதிய கீறல்."

சட்டையைச் சுருட்டிப் பார்த்தேன். இருந்தது.

கூடத் தங்கியிருப்பவர்களின் குறும்பு என்று நினைத்து அவர்களோடு சண்டைக்கே போனேன். மூன்றாம் நாள், "கண்களின் கீழ் ஈரம்" என்றிருந்தது. மகளோடு பேசிவிட்டு நான் அழுதது குளியலறையில், கதவைத் தாழ்போட்டுக்கொண்டு.

பட்டப்பகலிலும் கிடங்குக்குள் போகக் கால் வரவில்லை. துணிந்து உள்ளே போன ஒரு நாள், அளவு நாடாவின் குளிர்ந்த தகடு என் பிடரியிலிருந்து குதிகால் வரை மெல்ல இறங்கியது.

திரும்பினேன். யாருமில்லை.

கிடங்குப் பொறுப்பாளரிடம் பதிவேட்டைக் காட்டியதும் அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"இது பழைய பதிவாளரம்மா எழுத்து. அவங்க செத்து இருபது வருஷம் ஆச்சு."

"விளையாட்டுக்கு எழுதினேங்க. அடிச்சிடலாமா?"

"ஐயோ, தொடாதீங்க!" குரல் தாழ்ந்தது. "ஏத்தினத அடிக்க விடமாட்டாங்க. வெளிய அனுப்பவும் விடமாட்டாங்க. இரவலா, கெடு வெச்சு, கையெழுத்து வாங்கிட்டுத்தான் அனுப்புவாங்க."

கடைசி வாரம், சிற்பங்களை அனுப்புவதற்குத் தச்சர் பெட்டிகள் கொண்டுவந்தார். ஏழு பெட்டிகள்.

"சீட்டுல ஏழு அளவு இருந்துச்சேம்மா," என்றார்.

ஏழாவது, என்னைவிட இரண்டங்குலம் நீளம். உள்ளே பஞ்சு வைத்திருந்தது. தலைக்கு மட்டும் ஒரு பள்ளம்.

பாதித் துணியை அங்கேயே போட்டுவிட்டு அன்றைக்கே கிளம்பினேன். விமானம் தரையிறங்கும்வரை பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வீட்டு வாசலில் மகளைக் கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதேன். அப்புறம்தான் உயிர் வந்தது. சாப்பிட்டேன். மத்தியான வெயிலில், கூடத்திலேயே அடித்துப்போட்டது போலத் தூங்கிப்போனேன்.

விழித்தபோது மகள் ஒரு தாளோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அறுத்த மரத்தின் வாசனை அடித்தது.

"அம்மா, ஒரு ஆன்ட்டி வந்தாங்க. நாடா வெச்சு உன்னை அளந்தாங்க. வீட்டுல யாராவது கையெழுத்துப் போடணும்னாங்க. பெரியம்மா கடைக்குப் போயிருந்தாங்களா, நானே போட்டுட்டேன்!" முகமெல்லாம் பெருமை.

இரவல் சீட்டு. பொருள்: கியூரேட்டர், ஒன்று. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில், கோணல்மாணலாக என் மகளின் பெயர்.

அதற்கும் கீழே, மை காயாத ஒரு வரி.

"மூன்றே மாதத்தில் திருப்பித் தர வேண்டும்."