அது அவ வேலை

"ஐயோ... மூடுங்க மேடம்! மூடுங்க...!"

அலறியது கான்ஸ்டபிள் கேலம். ஆறடி உயரம், ரக்பி ஆடும் உடம்பு. வீட்டு வசதியோடு இருந்த மோட்டார் ஹோம் வண்டியின் பக்கவாட்டுச் சின்னக் கதவு திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு தெறித்து ஓடினான்.

உள்ளே இருந்தது பிணமல்ல.

கழிப்பறைத் தொட்டி!

விளிம்பு வரை ததும்பிக்கொண்டிருந்தது. சீ...! எழுதும்போதே குமட்டுகிறது.

சார்ஜென்ட் மெரே நகரவில்லை. குனிந்து பார்த்தாள்.

ஈஸ்டர் ஞாயிறு. நியூசிலாந்தின் டௌபோ ஏரி முழுக்கத் தேடுதல் படகுகள். விடியற்காலையில் குளிக்க இறங்கிய க்ளெனிஸ் திரும்பவில்லை என்று அவள் கணவர் டெரிக் பாஸ்கோ புகார் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை இருவரும் வண்டியில் கிளம்பினார்களாம். இரண்டு ராத்திரியும் இதே கரையில்தானாம்.

சொல்லிவிட்டு மடக்கு நாற்காலியில் சாய்ந்து, வெண்ணெய் வழிய வழிய ஈஸ்டர் பன் தின்றுகொண்டிருந்தார். மீசையெல்லாம் பிசுபிசுப்பு. பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

க்ளெனிஸின் தங்கை ரேவின் ஹாமில்டனிலிருந்து பதறி ஓடி வந்திருந்தாள். வண்டிக்குள் கால் வைத்தவள் அப்படியே பின்வாங்கினாள்.

"மேடம், இது எங்க அக்கா இருந்த வண்டி மாதிரியே இல்ல. காலைல எழுந்ததும் அவளுக்கு டாய்லெட் தொட்டியைக் கழட்டிக் காலி பண்ணணும். கழுவி, நீல மருந்து ஊத்திட்டுதான் டீயே குடிப்பா. காய்ச்சல்ல கெடந்தாக்கூட விடமாட்டா."

அதற்குப் பிறகுதான் மெரே அந்தக் கதவைத் திறந்தது.

உள்ளே நீல மருந்தின் சுவடே இல்லை.

டெரிக்கிடம் போனாள்.

"சார், நேத்து இந்தத் தொட்டியை யாரு காலி பண்ணாங்க?"

"அது அவ வேலை. நான் அதைத் தொட்டதே கெடையாது." பெருமையாகச் சொன்னார். "நேத்து காலைலயும் பண்ணினா."

"மருந்து ஊத்தினாங்களா?"

"ஊத்தாம இருப்பாளா?"

"அப்படின்னா இன்னிக்கு ஏன் சார் இப்படி ததும்புது? உங்க மனைவி வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இந்த வண்டியிலயே இல்ல. எங்க அவங்க?"

பன் கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது.

பிறகு அழ ஆரம்பித்தார். வரும் வழியில் ராங்கிடிகெய் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் வண்டியை நிறுத்தினார்களாம். கால் வழுக்கி விழுந்துவிட்டாளாம். தன் மேல் பழி வருமோ என்று பயந்து ஏரிக் கதையைக் கட்டினாராம்.

"பாவி... ரெண்டு ராத்திரி குளிர்ல அவளைப் போட்டுட்டு இங்க உக்காந்து தின்னுட்டிருந்தியா?"

ரேவின் பாய்ந்தாள். கேலம் பிடித்துக்கொண்டான்.

மெரே காறித் துப்பிவிட்டு வயர்லெஸ்ஸை எடுத்தாள். படகுகள் கரைக்குத் திரும்பின. ஹெலிகாப்டர் பள்ளத்தாக்குக்குப் பறந்தது.

உயிரோடு இருப்பாளா...?

ரேவின் வானத்தைப் பார்த்தபடியே நின்றாள்.

மதியம் தாண்டி வயர்லெஸ் கரகரத்தது.

கிடைத்துவிட்டாள்! பாதிச் சரிவில் ஒரு பாறை மேல், இடுப்பு எலும்பு முறிந்து, ஆனால் உயிரோடு. ரேவினின் மகளுக்காகப் பையில் வைத்திருந்த ஈஸ்டர் சாக்லேட் முட்டையும் பாறையில் கசிந்த தண்ணீரும் அவளைக் காப்பாற்றியிருந்தன.

ரேவின் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள்.

டெரிக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான்தான் சொன்னேனே, வழுக்கிட்டான்னு..."

வழுக்கியதா என்று மெரே கேட்க, வயர்லெஸ்ஸில் க்ளெனிஸின் குரல் வந்தது. பலவீனமாக, ஆனால் தெளிவாக.

"வழுக்கல மேடம். தள்ளிவிட்டாரு."

"ஏம்மா?"

"பன்னெண்டு வருஷமா நானே அள்ளிக் கொட்டறேன். இந்தத் தடவை மட்டும் டேங்கை நீங்க காலி பண்ணுங்கன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

அந்த நாற்றம்கூட இப்போது பரவாயில்லை போலிருந்தது. டெரிக்கைப் பார்ப்பதுதான் குமட்டியது.

மெரே விலங்கை மாட்டி, போலீஸ் காரின் பின் சீட்டில் அவரை ஏற்றினாள்.

கேலம் தயங்கியபடி தொட்டியைக் காட்டினான்.

"மேடம்... இது கேஸுக்கு முக்கியமான தடயமாச்சே. எதுல கொண்டு போறது?"

"இதுலயேதான். சார் மடியில வை," என்றாள் மெரே. "ஜன்னலைத் திறக்காதே. நாம வேற கார்ல போறோம், இவரைக் கூட்டிட்டுப் போற டிரைவர்கிட்ட மட்டும் என் சார்பா மன்னிப்பு கேட்டுக்கோ."