மூன்றாம் மைலில் கழன்ற சில்லு

பாலன் வாய்க்காலுக்குள் செத்துக் கிடந்தான்.

அவனுக்கு மேலே ஒரு சிவப்புக் கார். கூரை இல்லை. இரண்டே பேர் இருக்கலாம். கிளிநொச்சி முழுக்க வாய் பார்த்த ஸ்போர்ட்ஸ் கார்!

முன் இடது சில்லு மட்டும் ஐம்பது யார் தள்ளி, வயலுக்குள் சுகமாய்ப் படுத்திருந்தது.

வெள்ளிக்கிழமை முரசுமோட்டையில் புறப்பட்டு மூன்றே மைல்...

இன்ஸ்பெக்டர் தில்லைநாதன் குனிந்து பார்த்தார். பழைய பிரேக்கைக் கழற்றிவிட்டு, புது டிஸ்க் பிரேக் போட்டிருந்தார்கள். அருமையான பிரேக். பிடிப்பதற்குச் சில்லுத்தான் இல்லை.

கார் பாலனின் அத்தான் ஐயாத்துரையுடையது. முரசுமோட்டை அரிசி ஆலைக்காரர். ஆலையில் பாதி பாலனுடையது. அந்தப் பாதியைப் பிரித்துத் தரச்சொல்லி அவன் இரண்டு மாதமாய் நின்றான்.

செத்தவீட்டில் ஐயாத்துரை, பாலனின் தமக்கையான தன் மனைவி கமலாசனியை விடப் பலமாக அழுதார். அழுகைக்கு நடுவே வாக்குமூலமும் கொடுத்தார். மிகத் தெளிவாக.

"வவுனியாவில மாயாண்டி எண்டொரு மெக்கானிக், சேர். சில்லு பூட்டுற ஹப்பை மாத்தினவன் அவன்தான். நான் காரை லொறியில ஏத்தி வந்து ஆலைக் கொட்டிலில இறக்கினனான். ஓடிப் பார்க்கவேயில்லை. முதல் ஓட்டம் மச்சான்தான்..."

அவருடைய லொறி டிரைவரும் பக்கத்தில் நின்று தலையாட்டினான். சம்பளத்துக்குத் தலையாட்டுவதும் ஒரு வேலைதானே.

மாயாண்டி லொக்கப்பில் கிடந்தான். நுவரெலியாத் தோட்டத் துரைமாரின் கார்களுக்கு அடியில் வளர்ந்தவன். எழுபத்தேழுக் கலவரத்தில் மனைவி வீரம்மாவையும் ஒரு ஸ்பானர்ப் பெட்டியையும் மட்டும் தூக்கிக்கொண்டு வவுனியாவுக்கு ஓடிவந்தவன். இரண்டு வருடம்தான் நிம்மதியாக இருந்தான். நாளைக்குக் கோர்ட். உள்ளே போனால் எப்போது வெளியே வருவான் என்று யாருக்கும் தெரியாது.

"ஐயா, அந்த ஹப்புல நடுவுல ஒரே பெரிய நட்டு. இடது பக்கத்து மரை ஒரு மாதிரி, வலது பக்கத்து மரை வேற மாதிரி. ஹப்ப பக்கம் மாத்தி மாட்டுனா, ஓட ஓட நட்டு தானா கழண்டுரும். நான் சரியாத்தான் மாட்டுனேன். மொதலாளிக்கும் இத வெளக்கமா சொன்னேன்."

"இப்ப மாறித்தானே கிடக்குது?"

"புதன்கிழம அவரேதான் ஓட்டிக்கிட்டுப் போனாருங்க. லொறியே வரல."

சாட்சி கேட்டார் தில்லைநாதன். மாயாண்டிக்குச் சாட்சி இல்லை. வெளியே வீரம்மா சோற்றுப் பார்சலோடு நின்றாள். அது காலையிலேயே ஆறிவிட்டது.

வவுனியா கராஜிலும் விசாரித்தார். ஒருவரும் கண்டதாகச் சொல்லவில்லை. பொலிஸ் கேட்டால் எல்லாருக்கும் கண் மங்கிவிடும்.

திரும்பும் வழியில் முறிகண்டியில் ஜீப் நின்றது. அந்த வீதியில் பஸ்ஸோ லொறியோ பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் தாண்டாது. ஜீப் மட்டும் என்ன கொம்பா?

தில்லைநாதன் கச்சான் கடலை வாங்கினார். கச்சான்காரி மீனம்மா கடதாசிச் சரையைச் சுற்றியபடி, அந்தச் சிவப்புக் கார்க்காரர் சுகமோ என்று விசாரித்தாள்.

"எந்தக் கார்?"

"மூடியில்லாத கார், ஐயா. முரசுமோட்டை ஆலைக்காரர். புதன்கிழமை தனியத்தான் ஓடிக்கொண்டு வந்தவர். மூண்டு தரம் அடிச்சும் தேங்காய் உடையேல்லை. நாலாம் தரம்தான் உடைஞ்சது. பாவம், மனுசன் வேர்த்துப்போனார்."

தில்லைநாதன் வாயில் கச்சான் அப்படியே நின்றது.

வவுனியாவிலிருந்து முறிகண்டி முப்பத்தைந்து மைலுக்கு மேல். அவ்வளவு தூரமும் கழலாத சில்லு, வெள்ளிக்கிழமை மூன்றாம் மைலில் கழன்றதென்றால்... ஹப் பக்கம் மாறியது ஆலைக் கொட்டிலில்!

அன்று பின்னேரமே ஐயாத்துரையின் முன்னால் கச்சான் சரையை வைத்தார்.

"சாப்பிடுங்கோ. மீனம்மா சுகம் கேட்டவ. தேங்காய் நாலாம் தரம்தான் உடைஞ்சதாம்?"

ஐயாத்துரையின் அழுகை பட்டென்று நின்றது. கமலாசனி கதவடியிலிருந்து புருசனைப் பார்த்துக் கேட்டாள்.

"லொறியில எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

அவர் லொறி டிரைவரைப் பார்த்தார். டிரைவர் இந்த முறை தலையாட்டவில்லை. எல்லாவற்றையும் கக்கினான்.

மாயாண்டி வெளியே வந்தான். அதே லொக்கப்புக்குள் ஐயாத்துரை போனார். வாசலில் வீரம்மா ஆறிய சோற்றைப் பிரித்தாள். இரண்டு பேரும் அழுதபடியே சாப்பிட்டார்கள்.

தில்லைநாதன் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டார்.

"எல்லாம் வடிவாய்ச் செய்தனீங்கள். முறிகண்டியில மட்டும் ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

ஐயாத்துரை தலையைக் குனிந்தார்.

"நிப்பாட்டாமல் போனால் அக்சிடென்ட் வந்திடுமெண்டு சொல்லுறவை, சேர்... எனக்குப் பயம்."