பிஸ்கட்டுக்கு அலையாதவர்கள்

சிட்டுவின் அம்மாவுக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. கரியமில வாயுவைத் திரவத்தில் கரைத்து, மின்சாரம் பாய்ச்சி, எரிபொருளாக மாற்றப் பார்ப்பார். அதையே பள்ளி விழாவில் நாடகமாகப் போடுவதென்று சிட்டு முடிவு செய்தாள்.

கரியமில வாயு வேடம் கொக்குவுக்கு. அந்த நெட்டைப் பையன் மேடையில் வாயைத் திறந்ததே இல்லை. எலக்ட்ரானுக்குப் பதில் பிஸ்கட். மின்சாரம் தருபவளாக நிற்கும் சிட்டுவின் தட்டிலிருந்து இரண்டு பிஸ்கட் தின்றதும், கறுப்புப் போர்வையை உதறிவிட்டு அவன் ஒரே ஒரு வசனம் பேச வேண்டும். அதைக் கேட்க அவன் அப்பா வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வருகிறார்.

ஒத்திகை சொதப்பியது. வாயுவைக் கரைக்கும் தண்ணீராக நடித்த பிள்ளைகள் பாய்ந்து தட்டைக் காலி செய்தார்கள். தின்ற தெம்பில் குமிழிகள் மாதிரி மேடை முழுக்கக் குதித்தார்கள். கொக்குவுக்குத் தூள்கூட மிஞ்சவில்லை.

"எனக்கு இந்த வேஷம் வேணாம்" என்று அவன் போர்வையை மடித்து வைத்துவிட்டான். சிட்டுவுக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டில் அவள் புலம்பியதைக் கேட்டு அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்க லேப்லயும் இதே கூத்துதான். எலக்ட்ரானைத் தண்ணியே பிடுங்கிட்டு ஹைட்ரஜனா குமிழி விடும்."

"அப்புறம் என்னம்மா செஞ்சே?"

"தண்ணியோட மல்லுக்கட்டல. கரைப்பானையே மாத்திட்டேன். எலக்ட்ரானுக்கு அலையாத வேற திரவம்."

பிஸ்கட்டுக்கு அலையாதவர்களுக்கு எங்கே போவது? சிட்டு இரவெல்லாம் யோசித்தாள். மறுநாள் கொக்குவைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்துவிட்டு, நேரே ஆசிரியர்கள் அறைக் கதவைத் தட்டினாள்.

விழாவில் முதல் காட்சி தண்ணீருக்கு. பிள்ளைகள் ஆசை தீரப் பிடுங்கித் தின்று குதித்தார்கள். அடுத்த காட்சியில் புதுக் கரைப்பானாக ஆசிரியர்கள் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகளைக் கை கட்டச் சொல்லித்தான் அவர்களுக்குப் பழக்கம். ஆனாலும் இத்தனை பெற்றோர் பார்க்கும்போது யார் தட்டில் கை வைப்பார்கள்? கணக்கு வாத்தியார் மட்டும் எச்சிலை விழுங்கியபடி கூரையைப் பார்த்தார்.

கொக்கு நிதானமாக இரண்டு பிஸ்கட்டை எடுத்து மென்றான். போர்வை பறந்தது.

"இனிமே நான் வேண்டாத வாயு இல்ல, எரிபொருள்."

குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. அங்கே அவன் அப்பா எழுந்து நின்று கைதட்டினார். கொக்குவின் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

அப்போது, தட்டில் மிச்சமிருந்த பிஸ்கட்டை நோக்கி ஒரு கை மெல்ல நீண்டது. கணக்கு வாத்தியாருடைய கைதான்.

சிட்டு முன்வரிசையில் இருந்த அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, கரைப்பான்ல ஒரு சொட்டு தண்ணி கலந்திருக்கு!"