ஆறு மணி போன்

தீவின் மின்னி பே கடற்கரைச் சாலையில் மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. ஒச்சம்மா வேகமாக நடந்தாள். பாசி பிடித்த படியில் தேய்ந்த செருப்பு வழுக்கி... கடலும் வானமும் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. ஆனால் விழவில்லை. யாரோ அவள் முழங்கையைப் பிடித்திருந்தார்கள்.

"அரே! இந்த வயசுல ஓட்டமா? அதுவும் இந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டு?"

அவளுக்குச் சுருக்கென்றது. "கைய விடுங்க. நான் கட்சால் தீவுல ரப்பர் பால் வெட்டுனவ. சேத்துச் சரிவுலயே வழுக்காதவ!"

"அப்போ வயசு இருபத்தஞ்சு இருந்திருக்கும். இப்போ சமதரையே வழுக்கும்."

நிமிர்ந்து பார்த்தாள். எழுபதை நெருங்கும் முகம். இமையில் மழைத்துளி தொங்க, கோபமாக ஒரு பார்வை... அதற்குள்ளே ஒளிந்திருந்த ஒரு சிரிப்பு. சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அறுபத்து மூன்று வயதில் இப்படியொரு கூச்சமா?

அவர் பெயர் நாகராஜ். முப்பது வருஷம் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய் ஏழு வருஷம். மகள் நளினி சென்னையில். தனியாகத்தான் இருந்தார். ஒச்சம்மாவின் கணவரைக் கட்சாலிலேயே சுனாமி கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு மகன் சுதாகரின் வீடுதான் அவளுக்கு எல்லாம்.

மறுநாளும் அதே நேரத்துக்குப் போனாள். அதற்கடுத்த நாள் புதுச் செருப்போடு போனாள். அவர் கவனித்தார். சிரித்தார்.

கால் தடுமாறாமல் இருக்க டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சியை அவளுக்கும் சொல்லிக்கொடுத்தார். கடல் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். கப்பல் பழக்கத்தில் இந்தியில் எண்ணினார். "ஏக்... தோ... தீன்..."

"கொக்கு மாதிரி நிக்கச் சொல்றீங்களே, சார்."

"கொக்கு விழுந்து பாத்திருக்கீங்களா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனை வருஷம் ஆயிற்று...

பதிலுக்கு அவளும் அவரை விடவில்லை. பிரஷர் மாத்திரை போட்டீங்களா, கண்ணாடியை மாத்துனீங்களா... "பாத்ரூம்ல ஒரு கைப்பிடி போடுங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"கடல் ஆட்டுன ஆட்டத்துல நின்ன கால் இது. பாத்ரூம் என்ன பண்ணிடும்?"

"தனியா இருக்கீங்களே..."

"அப்போ தினமும் காலையில ஆறு மணிக்கு போன் பண்ணுங்க. எடுத்தா உயிரோட இருக்கேன்னு அர்த்தம்."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் நான்கு மாதம் ஒரு நாள் தவறவில்லை. போனில் பேசுவதற்கு எதற்குத் தலையை வாரிக்கொள்கிறோம் என்று அவளுக்கே புரியவில்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது சுதாகர் நிமிராமல் சொன்னான். "அம்மா, அந்த ஆளு யாருன்னு ஆபீஸ்ல கேக்குறாங்க. அடுத்த வருஷம் சௌமியாவுக்கு மாப்பிள்ளை பாக்கணும். ஊரு என்ன பேசும்?"

பேத்தியின் பெயரைச் சொன்னதும் ஒச்சம்மா தட்டோடு எழுந்துவிட்டாள்.

மறுநாள் கடற்கரையில், "இனிமே வரமாட்டேன் சார், போனும் பண்ணமாட்டேன்" என்றாள்.

நாகராஜ் கடலைப் பார்த்தார். "டீக் ஹை. உங்க இஷ்டம்."

ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? அவ்வளவுதானா நான்? அந்த ரோஷம் மகன் சொன்னதைவிட ஆழமாகக் குத்தியது. இரண்டு நாள் காலை ஆறு மணிக்கு போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேணும்னா அவரே பண்ணட்டும்...

மூன்றாம் நாள் மதியம் சுதாகர் வேலையிலிருந்து பாதியில் வந்தான். முகம் செத்திருந்தது.

"அந்த சார்... பாத்ரூம்ல விழுந்துட்டாராம். நேத்து விடியக்காலையில. நேத்து வச்ச பால் அப்படியே இருக்கேன்னு இன்னிக்குக் காலையிலதான் பால்காரர் பாத்திருக்கார்."

ஒரு பகல், ஒரு இரவு. ஈரத் தரையில்.

அவள் அழவில்லை. "ஊரு என்ன பேசும்னு கேட்டியே... அந்த ஊரா அவருக்கு ஒரு வாய் தண்ணி குடுத்துச்சு?"

அவள் தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. சிறுநீரகமும் கெட்டிருந்தது. நடமாட்டம் இனி சந்தேகம் என்றார்கள். மறுநாள் நளினி வந்து இறங்கினாள். அதற்கடுத்த நாள் விமானத்தில் அப்பாவைச் சென்னைக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்தாள். திரும்பி வருவதாக யாரும் பேசவில்லை.

கிளம்புகிற அன்று, நளினி டாக்டரைப் பார்க்கப் போன நேரத்தில் ஒச்சம்மா கட்டிலருகே நின்றாள்.

"வலிக்குதா?"

"வலி பரவால்ல." அவர் கண்கள் குழிந்துபோயிருந்தன. "அங்க கெடந்தப்போ... ரூம்ல போன் அடிக்குதான்னு காதை வச்சுக்கிட்டே இருந்தேன்."

"அடிக்கல."

"ஆமா... அடிக்கல."

"ஏன் வரமாட்டேன்னு சொன்னேன்னு நீங்க கேக்கவே இல்லயே சார்..."

"கேட்டா, உங்கள புடிச்சிருக்குன்னு சொல்லியிருப்பேன். இந்த வயசுல அதைச் சொல்லி நீங்க சிரிச்சுட்டா... அந்த பயம்." மூச்சு வாங்கியது. "கைப்பிடி போடாததும் அந்த வீம்புதான். ரெண்டுலயும் நான்தான் விழுந்தேன்."

ஸ்ட்ரெச்சர் தள்ளும் சத்தம் வராந்தாவில் கேட்டது. ஒச்சம்மா முதல்முறையாக, தானாக, அவர் கையைப் பிடித்தாள்.

"சிரிச்சிருக்க மாட்டேங்க. எனக்கும் ஒங்கள புடிச்சிருக்கு... ரொம்ப. அன்னைக்கே சொல்லாத பாவி நான்."

வாசலில் நளினி நின்றிருந்தாள். ஒச்சம்மா கையை எடுக்கவில்லை.